பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

புகைவண்டி தாமதித்தால் நிலைய அதிபரைக் கடிந்துகொள்கின்றோம். பஸ் வண்டி தாமதித்தால் சாரதியை ஏசுகின்றோம். ஆகாய விமானம் தாமதித்தால் ஏசுவதற்கு ஆள் எளிதில் அகப்படுவதில்லை. கட்டுநாயக்காவிலே பிள்ளையின் வரவை எதிர்பார்த்து நள்ளிரவில் நிற்கும் பெற்றோருக்கும், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பெட்டிகளோடு நாற்காலியில் உறங்கி வழியும் பிரயாணிக்கும் அறிவிப்புப் பலகை சொல்வது ஒரே சொல்: 'தாமதம்'. ஏன் என்று அது சொல்வதில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் ஊர்வாய் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும்.

அவ்வாறு கற்பிக்கப்படும் காரணங்களுள் உலகெங்கும் செல்வாக்குப் பெற்ற ஒன்றுண்டு. "விமானிகள் சங்கம் அமைத்திருக்கிறார்கள், சம்பளத்துக்காக வேண்டுமென்றே பிரயாணிகளைக் காக்க வைக்கிறார்கள்" என்பதே அது. இப்பேச்சில் உண்மை எவ்வளவு, வெறும் பழி எவ்வளவு? இவ்வழக்குப் பலமுறை எழுந்து, அதற்குரிய தீர்ப்புக்களும் கணக்குகளும் பகிரங்கமாகக் கிடைக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆகவே அந்நாட்டின் வரலாற்றைக் கொண்டே இவ்வாரம் இதனை ஆராய்வோம்.

மூடுபனியும் தபாற்பையும்

விமானத்திற் பிரயாணிகள் பெருகுவதற்கு முன்னரே இவ்வழக்குத் தோன்றிவிட்டது. 1918ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி வாஷிங்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே விமானத் தபாற் சேவை ஆரம்பமாயிற்று. முதலில் இராணுவ விமானிகளைக் கொண்டு நடந்த இச்சேவையைச் சில மாதங்களில் தபாற் பகுதியார் தாமே ஏற்று, தம் சொந்த விமானிகளை நியமித்து நடத்தலாயினர். அதற்குப் பொறுப்பாயிருந்தவர் ஒட்டோ பிரேகர் என்னும் உயர் உத்தியோகத்தர். தபால் குறித்த நேரத்திற் போய்ச் சேராவிட்டால், புகைவண்டியே போதுமென்று காங்கிரஸ் சபையார் பணத்தை நிறுத்திவிடுவர் என்பது அவருடைய கவலை. ஆதலால் மழையாயினும் பனியாயினும் விமானம் புறப்பட்டே தீரவேண்டும் என்பது அவர் கட்டளை.

அக்காலத்து விமானங்களில் விமானி திறந்த குழியில் அமர்ந்திருப்பார். மேகத்தினுள்ளே தாம் நேராகப் பறக்கின்றோமா, சரிந்து பறக்கின்றோமா என்று காட்டவல்ல நம்பகமான கருவிகள் அவரிடம் இல்லை. தரையிற் செல்லும் ரயிற் பாதையையும் ஆற்றையும் கண்ணாற் பார்த்தே வழி கண்டனர். பனி மூடினால் வழியும் மூடிற்று. அந்நிலையில் பறந்தவர் பலர் மலையிலும் மரத்திலும் மோதி மாண்டனர்.

1919ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் நியூயோர்க்கை அடுத்த பெல்மொண்ட் பார்க் மைதானத்தில் மூடுபனி கவிந்திருந்தது. லியோன் சிமித் என்ற விமானி பறக்க மறுத்தார். அவருக்குப் பதிலாகப் பறக்குமாறு பணிக்கப்பட்ட ஹமில்ற்றன் லீ என்பவரும் மறுத்தார். இருவரும் உடனே வேலையினின்றும் நீக்கப்பட்டனர். இச்செய்தி கேட்ட ஏனைய விமானிகள், அவ்விருவரையும் திரும்ப எடுக்கும்வரை தாமும் பறப்பதில்லை என்று நின்றுவிட்டனர். விமானத் தபால் சில நாட்கள் ஓடவில்லை. விமானத் தபால் விமானிகள் செய்த முதல் வேலைநிறுத்தம் இதுவே. அவர்கள் கேட்டது கூலி உயர்வன்று. பனியிற் பறக்காதிருக்கும் உரிமை.

பேச்சுவார்த்தையின் முடிவில் ஏற்பட்ட உடன்பாடு சுவையானது. பறப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு மைதான அதிகாரிக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் காலநிலை ஐயத்துக்குரியதாயின் அவர் தாமே முதலில் மேலே சென்று பார்க்கவேண்டும். பறக்கத் தெரியாதவராயின், தபாற்பை வைக்கும் குழியிலே அமர்ந்து விமானியோடு ஒருமுறை ஏறி இறங்கவேண்டும். "போ" என்று சொல்பவரும் கூடவே போகவேண்டுமென்ற நிபந்தனை வந்தால் அக்கட்டளை எவ்வளவு நிதானத்தோடு பிறக்கும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

லீ மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார், சிமித் எடுக்கப்படவில்லை. பனியிற் பறக்க மறுத்த அந்த லீ பின்னர் நெடுங்காலம் பிரயாணிகள் விமானங்களைச் செலுத்தி ஓய்வு பெற்று, 102 வயது வரை வாழ்ந்து 1994ஆம் ஆண்டிலேயே காலமானார்.

இதிலிருந்து ஒன்றை மனத்திற் கொள்வோம். ஒருவர் தனித்து மறுத்தபோது அது கீழ்ப்படியாமை எனப்பட்டது. எல்லோரும் சேர்ந்து மறுத்தபோது அதுவே விதியாயிற்று. விமானிகள் சங்கத்தின் வித்து இங்கேதான் கிடக்கின்றது.

சங்கம் பிறந்த விதம்

அவ்வித்து முளைப்பதற்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1931ஆம் ஆண்டில் டேவிட் பென்கி என்ற விமானியின் தலைமையில் சிக்காகோ நகரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து விமானிகள் சங்கம் நிறுவப்பெற்றது. வேலை போய்விடுமென்ற அச்சத்தால் ஆரம்ப வேலைகள் இரகசியமாகவே நடந்தன. அதனை அமைக்க முன்னின்ற 24 பேரில் அரைவாசிப் பேர் பின்னர் விமான விபத்துக்களிலேயே உயிரிழந்தனர் என்று அச்சங்கத்தார் தம் வரலாற்றிற் கூறுகின்றனர். 'பாதுகாப்போடு கூடிய நேர ஒழுங்கு' என்பது அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட குறிக்கோள் வாசகம். நேரத்தை அவர்கள் மறுக்கவில்லை என்பதையும், பாதுகாப்பை முன்வைத்தார்கள் என்பதையும் கவனிக்க. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட விமானிகள் அச்சங்கத்தில் இருக்கின்றனர். அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனியின் விமானிகள் மட்டும் 1963ஆம் ஆண்டில் பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர்.

கைநிறையச் சம்பளம் வாங்கும் விமானிக்குச் சங்கம் எதற்கு என்று மாணவர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு விடை 'சேவை மூப்பு' என்ற முறையில் இருக்கின்றது. அமெரிக்க விமானக் கம்பனிகளில் ஒருவர் சேர்ந்த நாளைப் பொறுத்து அவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். எந்த விமானத்தைச் செலுத்துவது, எந்த ஊரிலிருந்து புறப்படுவது, எப்போது லீவு எடுப்பது, எப்போது தலைமை விமானியாக உயர்வது ஆகிய யாவும் அவ்விலக்கத்தைப் பொறுத்தவை. இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர் மனக்கசப்பால் வேறு கம்பனிக்குச் சென்றால் அங்கே கடைசி ஆளாகவே தொடங்கவேண்டும். ஆசிரியரோ கணக்காளரோ வேறிடம் போவதுபோல அவர் போக முடியாது. போக முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே சேர்ந்து நிற்கப் பார்ப்பார்கள், அதுவே இயல்பு.

இன்னொரு செய்தியும் உண்டு. 1926ஆம் ஆண்டின் ரயில்வேத் தொழிலாளர் சட்டம் 1936இல் விமானக் கம்பனிகளுக்கும் விரிக்கப்பட்டது. அச்சட்டப்படி விமானிகளிற் பெரும்பான்மையோர் ஒரு சங்கத்தைத் தெரிவுசெய்தால், அக்கம்பனியின் எல்லா விமானிகளுக்காகவும் அச்சங்கமே பேசும்; உறுப்பினராகாதவருக்காகவுந்தான். ஒப்பந்தம் காலாவதியாவதும் இல்லை. திருத்தத்துக்கு உரியதாகின்றது, அவ்வளவே. நடுவர் முயற்சி தோற்றதாக அறிவிக்கப்பட்டு, பின் 30 நாள் கழியும்வரை வேலைநிறுத்தம் செய்ய இயலாது. இப்பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபடுவதும் உண்டு. வாசல் இவ்வாறு அடைபட்டிருக்கும்போது சிலர் சன்னல் வழியே போக எண்ணுவர். வழக்கின் மறுபக்கம் அங்கே தொடங்குகின்றது.

சங்கம் குற்றவாளியாகக் கண்ட வழக்கு

1998ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனி, ரீனோ எயர் என்ற சிறு கம்பனியை வாங்கிற்று. அச்சிறு கம்பனியின் விமானிகளுக்குச் சம்பளம் குறைவு. அவர்களைத் தம் ஒப்பந்தத்துக்குள் உடனே சேர்க்கவேண்டுமெனப் பெரிய கம்பனியின் விமானிகள் கோரினர். கம்பனி காலம் கேட்டது. 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் திடீரென நூற்றுக்கணக்கான விமானிகள் சுகவீனமென்று அறிவித்து வேலைக்கு வராதிருந்தனர். ஒரே தொழிலாளரிடையே, ஒரே வாரத்தில், ஒரே கம்பனியில் மட்டும் பரவிய அந்நோய் எத்தகையது என்பதை அறிய வைத்தியர் தேவையில்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பறப்புக்கள் நிறுத்தப்பட்டன. மரணவீட்டுக்கும் மணவீட்டுக்கும் போகப் புறப்பட்டவர்கள் விமான நிலையங்களில் தேங்கினர்.

டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகர நீதிபதி யோ கென்டால், விமானிகள் வேலைக்குத் திரும்பவேண்டுமென்று உத்தரவிட்டார். உத்தரவு உடனே நிறைவேறவில்லை. ஆகவே நீதிமன்றத்தை அவமதித்ததாகச் சங்கத்தைக் குற்றவாளியாகக் கண்டு, ஈற்றில் 4 கோடியே 55 இலட்சம் டொலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நின்றது.

அடுத்த ஆண்டாகிய 2000ஆம் ஆண்டுக் கோடையில் யுனைட்டட் கம்பனியின் பிரயாணிகள் பட்ட பாடு வேறுவிதமானது. ஒப்பந்தப் பேச்சு இழுபட்டபோது அக்கம்பனியின் விமானிகள் மேலதிக நேர வேலையை ஏற்க மறுத்தனர். ஆயிரக்கணக்கான பறப்புக்கள் குலைந்தன. கம்பனி விமானிகளைக் குறை கூறிற்று. விமானிகளோ, "மேலதிக நேரம் பறப்பது எங்கள் விருப்பம். அது இல்லாமல் ஓடமுடியாத நேரசூசியைப் போட்டவர் யார்? போதிய விமானிகளை ஏன் எடுக்கவில்லை?" என்று வினவினர். ஓகஸ்ட் மாத இறுதியில் உடன்பாடு வந்தது. இங்கே விமானிகள் தம் வலிமையைப் பயன்படுத்தினர் என்பதும் மெய். எல்லோரும் லீவுநாளிலும் உழைப்பார்கள் என்று நம்பிக் கம்பனி நேரசூசி தயாரித்தது என்பதும் மெய்.

ஐந்து பத்திகள்

இவ்விரு ஆண்டுகளின் நினைவு மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அதன்பின் எத்தாமதம் நேர்ந்தாலும் விமானிகளையே ஐயுறும் வழக்கம் உண்டாயிற்று. ஐயம் சரியா என்று பார்க்கக் கணக்கைப் புரட்டவேண்டும்.

அமெரிக்க அரசாங்கம் 1987ஆம் ஆண்டு முதல் பெரிய கம்பனிகளின் நேர ஒழுங்கைப் பதிந்து வருகின்றது. குறித்த நேரத்துக்கு 15 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தி வருவது தாமதம் எனப்படும். 2003ஆம் ஆண்டு முதல் தாமதத்தின் காரணத்தையும் கம்பனிகள் அறிவிக்கவேண்டியிருக்கின்றது. அதற்கு ஐந்து பத்திகள் உண்டு: கம்பனியின் காரணம், கடும் காலநிலை, வான்வழிக் கட்டுப்பாட்டு முறையின் காரணம், பாதுகாப்புச் சோதனை, முந்திய பறப்பிலிருந்து விமானம் பிந்தி வந்தமை.

இவ்வைந்தினுள் 'விமானி' என்றொரு பத்தி இல்லை. விமானி நோயுற்றாலும், விமானத்தின் சக்கரம் பழுதுற்றாலும், எண்ணெய் நிரப்புபவர் பிந்தினாலும், பெட்டி ஏற்றுபவர் போதாவிட்டாலும் யாவும் 'கம்பனியின் காரணம்' என்ற ஒரே பத்தியினுள் அடங்கும். ஆதலால் விமானிகளால் எவ்வளவு தாமதம் என்று அடித்துச் சொல்பவர் இக்கணக்கிலிருந்து அதனைச் சொல்ல முடியாது.

அன்றியும், அக்கணக்கிற் பெரும்பங்கு பெறுவனவற்றுள் ஒன்று, முந்திய பறப்பிலிருந்து விமானம் பிந்தி வந்தமை. காலையில் ஓர் ஊரில் ஒரு மணித்தியாலம் பிந்திய விமானம் அன்று முழுவதும் தான் செல்லும் ஊர்களுக்கெல்லாம் அத்தாமதத்தைச் சுமந்து செல்லும். மாலையில் அதனைச் சந்திக்கும் பிரயாணிக்குக் காலையில் நடந்தது தெரியாது. அவர் கண்முன்னே தெரிவது, தொப்பி அணிந்து விமானத்தை நோக்கி நடந்து செல்லும் விமானி ஒருவரே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சங்கம் இல்லாத இடத்துத் தாமதம்

சங்கமே தாமதத்துக்குக் காரணமாயின், சங்கம் இல்லாத கம்பனியில் தாமதம் இருக்கலாகாது. 2007ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி நியூயோர்க்கில் உறைமழை பெய்தது. ஜெட்புளூ என்ற கம்பனியின் விமானங்கள் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுபாதை அருகே மணிக்கணக்கில் நின்றன. சிலவற்றில் பத்து மணித்தியாலமளவும் மக்கள் அடைபட்டிருந்தனர். தொடர்ந்து வந்த நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புக்கள் நிறுத்தப்பட்டன. அக்காலத்தில் அக்கம்பனியின் விமானிகளுக்குச் சங்கம் இருக்கவில்லை. விமானிகள் பறக்க ஆயத்தமாயிருந்தனர். யார் எங்கே இருக்கின்றார் என்று அறிந்து அவர்களை விமானத்தோடு சேர்க்கக் காரியாலயத்தால் முடியவில்லை. கம்பனித் தலைவர் டேவிட் நீல்மன் குற்றத்தை மறைக்காது பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவ்விமானிகள் சங்கத்தைத் தெரிவுசெய்தது 2014ஆம் ஆண்டில்தான்.

சவுத்வெஸ்ட் கம்பனியின் கதை இன்னும் தெளிவானது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு வார இறுதியில் அக்கம்பனியின் ஏறத்தாழ இரண்டாயிரம் பறப்புக்கள் நின்றன. சில நாட்களுக்கு முன்னரே ஊழியர் யாவரும் கொரோனாத் தடுப்பூசி போடவேண்டுமென்று கம்பனி கட்டளையிட்டிருந்தது. விமானிகள் சங்கம் அதற்கெதிராக நீதிமன்றத்தை நாடியிருந்தது. இவ்விரண்டையும் மக்கள் முடிச்சிட்டனர். "விமானிகள் பொய்ச் சுகவீனம் சொல்லி வீட்டிலிருக்கிறார்கள்" என்ற வதந்தி நாடெங்கும் பரவிற்று. சங்கம் மறுத்தது. கம்பனியும் அவ்வாறு நடக்கவில்லை என்றே சொல்லிற்று. காலநிலையாற் சிறிது குலைந்த ஒழுங்கைத் திரும்பக் கட்டியமைக்கப் போதிய ஆட்களும் நல்ல ஏற்பாடும் இல்லாமையே குறை எனச் சங்கத்தார் எச்சரித்தனர். ஊர்வாய்க்கு வதந்தியே இனித்தது. எச்சரிக்கையைக் கேட்டவர் குறைவு.

பதினான்கு மாதங்கள் சென்றன. 2022ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் கடும் பனிப்புயல் வீசிற்று. எல்லாக் கம்பனிகளும் தடுமாறின. ஏனையவை இரண்டொரு நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் எழவில்லை. விமானிகளையும் பணிப்பெண்களையும் விமானங்களோடு இணைக்கும் கணினி ஏற்பாடு தொடரமுடியாமல் நின்றுவிட்டது. வேலைக்கு ஆயத்தமான விமானிகள், தாம் இருக்குமிடத்தைக் காரியாலயத்துக்குச் சொல்வதற்காக மணிக்கணக்கில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தனர். ஏறக்குறைய 17 ஆயிரம் பறப்புக்கள் நின்றன. இருபது இலட்சம் பேருக்கு மேல் அல்லலுற்றனர். 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் அரசாங்கம் அக்கம்பனிக்கு 14 கோடி டொலர் தண்டம் விதித்தது. முதலில் விமானிகள்மேற் போட்ட பழி, உண்மைக் குறையைப் பதினான்கு மாதம் மறைத்து வைத்ததென்றே கூறவேண்டும். பழி அநீதி மாத்திரமன்று. அது மருந்தைத் தவறான இடத்திற் பூசுவதுமாகும்.

இரு பக்கமும் பேசிய வழக்கு

எல்லா வழக்கும் இவ்வாறு வெளுப்பும் கறுப்புமாக அமைவதில்லை. அமெரிக்கன் கம்பனி 2011ஆம் ஆண்டு நவம்பரில் வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடிற்று. 2012ஆம் ஆண்டு ஓகஸ்டில் கம்பனி கொடுத்த ஒப்பந்தத்தை விமானிகள் வாக்களித்துத் தள்ளிவிட்டனர். செப்டெம்பர் மாத ஆரம்பத்தில், பழைய ஒப்பந்தத்தைக் கம்பனி கைவிடலாமென்று நீதிமன்றம் அனுமதித்தது. அவ்வளவில் விமானங்கள் பிந்தத் தொடங்கின. புறப்படும் நேரம் நெருங்கியபோது விமானிகள் பழுதுகளை எழுதிக் கொடுத்தது வழக்கத்துக்கு மேலாகக் கூடிற்று.

"வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்றது கம்பனி. "நாம் யாரையும் தூண்டவில்லை, கம்பனியின் விமானங்கள் பழையன, பழுது உள்ளபடியால் எழுதுகிறோம்" என்றது சங்கம். அம்மாத இறுதியில் பொஸ்டனிலிருந்து மயாமிக்குச் சென்ற விமானமொன்றில் பறக்கும்போதே ஆசனவரிசையொன்று கழன்று, விமானம் நியூயோர்க்கில் இறங்கவேண்டியதாயிற்று. இரண்டு நாட்களின் பின் இன்னொரு விமானத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. நாசவேலையோ என்றுகூடச் சிலர் முணுமுணுத்தனர். சோதித்தபோது, ஆசனத்தைத் தரையோடு பிணைக்கும் பூட்டுக்கள் சரியாகப் பொருந்தாமையே காரணமென்று கண்டனர்.

இங்கே யார் சொன்னது மெய்? மனம் நொந்த விமானி, வேறு நாளிற் பொறுத்துக்கொண்டிருக்கும் சிறு பழுதையும் அன்று எழுதியிருக்கலாம். ஆனால் அப்பழுது அங்கே இருந்ததா, இல்லையா? இருந்ததாயின் அதை எழுதியவரைக் குற்றஞ்சாட்டுவது எப்படி? மனத்தின் நோக்கத்தை அளக்கும் கருவி எந்த விமான நிலையத்திலும் இல்லை. வருட முடிவில் புதிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. வழக்கு மட்டும் தீராமலே ஓய்ந்தது.

'மாட்டேன்' என்ற சொல்லின் விலை

இதில் உண்மையாகவே பணயம் வைக்கப்பட்டிருப்பது எது? நம் நேரமா, விமானிகளின் சம்பளமா? இரண்டையும்விடப் பெரியது ஒன்று இருக்கின்றது. விமானத்தின் பாதுகாப்புக்கு இறுதி அதிகாரி தலைமை விமானியே என்பது அமெரிக்கச் சட்டம். உலக நாடுகளின் பொது விதியும் அதுவே. கம்பனித் தலைவரே நேரில் வந்து கட்டளையிட்டாலும், "இவ்விமானம் பறக்கத் தகுந்ததன்று, மாட்டேன்" என்று சொல்லும் உரிமை அவருக்குண்டு. அச்சொல்லை அஞ்சாமற் சொல்லத் துணை நிற்பதே சங்கத்தின் தலையாய பயன்.

அவசரம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி கனேரித் தீவுகளிலுள்ள தெனரீஃப் விமான நிலையத்திலே, வேறிடத்திற் குண்டு வெடித்தமையால் திருப்பி அனுப்பப்பட்ட விமானங்கள் மணிக்கணக்கில் தேங்கி நின்றன. பனி மூடிற்று. இன்னும் தாமதித்தால் வேலைநேர எல்லை கடந்துவிடும் என்ற கவலை ஒல்லாந்துக் கம்பனியின் விமானிகளுக்கு இருந்தது. உத்தரவு கிடைக்குமுன்னே அவ்விமானம் ஓடத் தொடங்கி, எதிரே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்த மற்றொரு பெருவிமானத்தில் மோதிற்று. 583 பேர் மாண்டனர். வானூர்தி வரலாற்றில் ஒரே விபத்தில் அத்தனை விமானப் பிரயாணிகள் வேறெங்கும் மாண்டதில்லை.

களைப்பும் அத்தகையதே. 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் பஃபலோ நகரருகே விழுந்த சிறு விமானத்தின் விபத்தில் 50 பேர் இறந்தனர். விமானி விமானத்தைப் பிழையாகக் கையாண்டதே முதற்காரணம் என்று கண்ட விசாரணையாளர், இரு விமானிகளும் போதிய நித்திரையின்றி இருந்திருக்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டினர். இறந்தோரின் குடும்பத்தார் விடாது முயன்றனர். விமானிகள் சங்கமும் நெடுங்காலமாக அதனை வற்புறுத்தி வந்தது. 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே 10 மணித்தியால ஓய்வு வேண்டும், பறக்குமுன் தாம் தகுந்த நிலையில் உள்ளதாக விமானி உறுதிகூறவேண்டும், களைப்புற்றவர் பறக்கலாகாது. இவ்விதியால் சில நாட்களில் சில விமானங்கள் பிந்தும். அத்தாமதம் நமக்காகச் செலுத்தப்படும் காப்புறுதிப் பணம் போன்றது.

இப்பொழுது 1999ஆம் ஆண்டின் பொய்ச் சுகவீனத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். புலி வருகிறது, புலி வருகிறது என்று விளையாட்டாகக் கூவிய இடையன் கதையை நம் குழந்தைகளும் அறிவர். "மாட்டேன்" என்ற சொல்லைப் பேரம் பேசும் ஆயுதமாக ஒருமுறை எடுத்தவர்கள், மெய்யாகவே களைத்துப்போன அடுத்த விமானியின் சொல்லுக்கு மதிப்பில்லாமற் செய்துவிடுகின்றனர். அதனாலேயே அவர்கள் செய்தது தண்டனைக்குரியது. அதேபோல், ஒவ்வொரு மறுப்பையும் சங்கத்தின் சூழ்ச்சி என்று தூற்றும் கம்பனியும் பிரயாணியும், பனி மூடிய ஒருநாளில் மறுக்கவேண்டிய விமானியின் நாவைக் கட்டிவிடுகின்றனர். இரு பாவமும் ஒரே இடத்திற்றான் சென்று முடிகின்றன.

ஆகவே, தாமதம் பற்றிய செய்தியை வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். அதே நாளில் அதே விமான நிலையத்தில் ஏனைய கம்பனிகளும் தாமதித்தனவா? தாமதித்திருந்தால் காரணம் வானத்திலோ வழியிலோ இருக்கும். விமானி கூறிய காரணம் பிறர் சோதிக்கக் கூடியதா? பழுதென்று எழுதியதை இயந்திரத் தொழிலாளர் பார்க்கலாம். பழுதை மெய்யென்று அவர்கள் கண்டால் அங்கே பழிக்கு இடமில்லை. ஒரே நாளில், ஒரே தொழிலாளரிடையே, ஒப்பந்தச் சண்டை நடக்கும் கம்பனியில் மாத்திரம் குறை பெருகிற்றா? பெருகிற்றாயின் ஐயத்துக்கு இடமுண்டு. அப்பொழுதும் தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது, காத்திருப்போர் கூடத்துக்குரியதன்று.

சங்கத்தில் உறுப்பினராயிருத்தல் ஒருவருடைய குற்றத்துக்குச் சான்றாகாது, குற்றமின்மைக்கும் சான்றாகாது. 1919ஆம் ஆண்டில் பெல்மொண்ட் பார்க்கில் தபால் பிந்தியது. தபாலைச் சுமக்கவேண்டியவர் உயிரோடிருந்தார். பிந்திவந்த தபாலை மறுநாளும் வாசிக்கலாம். மாணவச் செல்வங்கள் இக்கணக்கை மனத்திலிருத்திக்கொள்வார்களாக.